கம்பெனி பார்த்துவிட்டது

மகனுக்கு அம்மாவின் ஆசிகள். இங்கே இன்னும் மழை இறங்கவில்லை, உப்பளத்துக்கு அது நல்லது. என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு. உன் அப்பா சுகமாக இருக்கிறார். கடிதம் என்றால் எழுத வேண்டுமே என்று எழுதுகிற சுகம் இல்லை இது. சாப்பிட்ட கையோடு படுத்தால் மத்தியானம் முழுக்கத் தூங்குகிற சுகம். நீ அமெரிக்காவிலிருந்து அனுப்பிவைத்த ரூத்தம்மா போன வாரம் வந்து, கம்பெனி முத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். உன் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தால் அப்பாவின் துண்டுக்குள் கையை விட்டு வாக்குக் கொடுக்க வேண்டிய அவசியம் இனி உனக்கு இல்லை. நாளைக்கு உனக்கு ஒரு மகன் பிறந்தால் அவனுக்கும் இல்லை. இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மீதியை எழுத எனக்குக் கை வரும்.

நடந்ததை ஆதியிலிருந்து எழுதப்போகிறேன். "இதெல்லாம் எனக்குத் தெரியாதாம்மா" என்பாய். உனக்குப் பாதிதான் தெரியும். போன வாரம் வரை எனக்கும் பாதிதான் தெரியும். நீயும் வடிவும் நாளைக்கு உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமானால் யாராவது ஒருத்தர் முழுசாக எழுதியிருக்க வேண்டாமா? வடிவு பெயரைத் துணிந்து எழுதிவிட்டேன், பார். என் அண்ணன் மகள் உனக்காகக் காத்திருக்கிறாள் என்பதை அவளாகச் சொல்ல மாட்டாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து எனக்கு மாவாட்டித் தருகிறாள், ஊர்க்கதை எல்லாம் பேசுகிறாள். அத்தான் கடிதம் போட்டாரா என்று மட்டும் கேட்க மாட்டாள். அவள் கேட்காமல் போகிற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

உன் தாத்தா, அதாவது என் மாமனார், இளவயதில் முத்துத் தரகு பார்த்தவர். முத்துக்குளிப்பு நடக்கும் பருவத்தில் கொழும்பு, பம்பாய் என்று எங்கிருந்தெல்லாமோ வியாபாரிகள் இந்தக் கடற்கரைக்கு வருவார்களாம். அப்படி வந்தவர்தான் ரூத்தம்மாவின் தாத்தா. அவருக்கு அமெரிக்காவில் நகை மொத்த வியாபாரம். தெருவில் கடை கிடையாது, மாடியில் ஓர் ஆபீஸ் மட்டும். மோதிரம், சங்கிலி, கடிகாரம், முத்து வைத்த ஊசி எல்லாவற்றையும் படம் போட்டுத் தடித்த புத்தகமாக அச்சடித்து, சின்னச் சின்ன ஊர்களில் இருக்கிற கடைகளுக்கு அனுப்புவார்கள். மாதிரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலில் ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிக்க ஆட்கள் இருந்தார்கள். அந்தக் கம்பெனிக்கு நீளமாக ஏதோ பெயர் உண்டு. ஆனால் நம் வீட்டில் அதை யாரும் சொன்னதில்லை. இந்தத் துறைமுக ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு கம்பெனி வாசலில்தான் விழ வேண்டும். ஆனாலும் நம் வீட்டில் கம்பெனி என்றால் அது ஒன்றுதான்.

முத்து விலை எப்படிப் பேசுவார்கள் என்பது உனக்குத் தெரியும், உன் பிள்ளைகளுக்குத் தெரிய நியாயமில்லை. விற்கிறவரும் வாங்குகிறவரும் எதிரெதிரே உட்கார்ந்து, நடுவில் ஒரு துண்டை விரித்து, அதற்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்து அமுக்கியே விலை சொல்லுவார்கள். சுற்றி நிற்கிறவனுக்கு ஒரு மண்ணும் புரியாது. வாயைத் திறக்கக் கூடாது, முகம் மாறக் கூடாது. விலை ஒத்துவராவிட்டால் கையை வெளியே எடுத்துவிட வேண்டும். எடுத்தால் பேச்சு முடிந்தது. எடுக்காத வரைக்கும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அமெரிக்கக்காரருக்கு இந்த விரல் கணக்குத் தெரியவில்லை. மற்ற தரகர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்களாம். உன் தாத்தாவின் முறை வந்தபோது அந்த மனிதர் கையை விரித்து அப்படியே இவர் கையில் வைத்துவிட்டு, நீயே ஒரு விலை சொல் என்பதுபோல் சும்மா இருந்துவிட்டார். உன் தாத்தா நியாயமான விலையை வைத்தார். நம்பி முழுக் கையையும் கொடுத்தவனை எப்படி ஏமாற்றுவது? அதோடு விட்டிருந்தால் நம் வீட்டுக் கதையே வேறாக இருந்திருக்கும். விடவில்லை. அதே துண்டுக்கு அடியில் அதே கையைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் தன் கைக்கு வருகிற நல்ல முத்து எதுவும், அவர் பார்த்து வேண்டாம் என்று சொல்லாமல் இன்னொருத்தர் கண்ணுக்கே போகாது என்று வாக்குக் கொடுத்துவிட்டார். பக்கத்தில் இருந்த துபாஷி அதை இங்கிலீஷில் சொன்னார்.

நல்ல காலம் கொஞ்சம் ஓடியது. முத்து கப்பலில் போகும், வேண்டும் வேண்டாம் என்று தந்தி வரும். வேண்டாம் என்றதை உன் தாத்தா பம்பாய்க்காரர்களுக்குக் கொடுப்பார். பிறகு ஒரு வருஷம் தந்தி வரவில்லை. கடிதம் போட்டார், பதில் இல்லை. அடுத்த வருஷமும் போட்டார். வேறு எந்த வியாபாரத்திலும் பதில் வராவிட்டால் அதுதான் பதில். அரிசிக் கடை அண்ணாச்சி ஒரு வாரம் பார்ப்பார், அப்புறம் அடுத்த ஆளுக்கு அளந்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். பேசாமலே பேசிப் பழகிய முத்துக்காரருக்கு மட்டும் அது மறுப்பாகப் படவில்லை. மௌனம் சம்மதம் என்று கல்யாணப் பெண்ணுக்குச் சொல்லுவார்கள். உன் தாத்தா அதை ஒரு கம்பெனிக்குச் சொன்னார். கை இன்னும் துண்டுக்குள்தான் இருக்கிறது, அவர் எடுக்கவில்லை என்று நல்ல முத்தையெல்லாம் பஞ்சில் சுற்றி இரும்புப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தார். எங்கள் கல்யாணத்தன்று, தாலி கட்டி முடிந்து பந்தி போடுவதற்கு முன்னால், உன் அப்பாவை உள்ளறைக்குக் கூட்டிப்போய்த் துண்டை விரித்து அந்த வாக்கை மகன் கைக்கு மாற்றினார். நான் மணவறையில் ஒற்றையாக உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை எங்கே என்று என் வீட்டார் தேடினார்கள். கம்பெனி வேலையாக உள்ளே போயிருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். கல்யாணத்தன்றுகூட வேலையை விடாத மாப்பிள்ளை என்று என் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அதன் பிறகு நடந்ததில்தான் நீ பிறந்து வளர்ந்தாய். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது கடைசியாக முத்துக்குளிப்பு நடந்ததே, அப்போதும் உன் அப்பா நல்லதைப் பொறுக்கி உள்ளே வைத்துவிட்டு மட்டத்தை விற்றார். ஊரில் நமக்கு மட்டச்சரக்கு வீடு என்று பெயர் வந்தது. அவர் காதில் விழும், சிரித்துக்கொள்வார். அப்புறம் கடலில் சிப்பியும் இல்லை, குளிப்பும் இல்லை, உப்பளம்தான் சோறு போட்டது. பெட்டி மட்டும் இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று நான் ஒரு நாள் பார்த்ததில்லை. கம்பெனி பார்ப்பதற்கு முன்னால் வேறு கண் படக் கூடாதே! பார்க்காத பொருளுக்குக் காவல் இருந்தேன். எங்கள் இரண்டு பேரில் ஒருவர் எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும். என் தம்பி கல்யாணத்துக்கு நான் தனியாகப் போனேன், அவர் பெரியம்மா செத்ததற்கு அவர் தனியாகப் போனார். இங்கே இருக்கிற திருச்செந்தூருக்கு ஊர் உலகமெல்லாம் வருகிறது, நாங்கள் புருஷன் பெண்டாட்டியாக ஒரு தரம் சேர்ந்து போனதில்லை. ஒன்று சொல்லிவிடுகிறேன், நீ மனசில் வைத்துக்கொண்டு மருகுகிறாய் என்று எனக்குத் தெரியும். நீ விமானம் ஏறிய அன்று அவர் மெட்ராசுக்கு வராதது கோபத்தினால் இல்லை. "ஏளா, நானும் வந்துட்டா வீட்டுல யாரு இருப்பா? நீ போ. பெத்தவ போனாப் போதும்" என்று சொல்லிவிட்டு, ரயில் கிளம்பும் நேரம் வரை வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தாராம். அடுத்த வீட்டுக்காரி சொன்னாள்.

கோபமும் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். "கல்யாணத்தன்னைக்கு அந்தத் துண்டுக்குள்ள கைய விடச் சொன்னா, எனக்கு இந்த ஊர்ல கல்யாணமே வேண்டாம்" என்று நீ நடுமுற்றத்தில் நின்று சொன்னாய். "அப்பம் வேண்டாம், போ" என்று அவர் சொன்னார். நடுவில் நான் நின்றேன், ஒரு பக்கம் வடிவு நின்றாள். உங்கள் இரண்டு பேருக்கும் வீம்பு ஒரே அச்சு. ஆனால் நீ அங்கே போய்ச் செய்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைகிறது. அப்பாவோடு பேச மாட்டேன் என்று போனவன், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நகைக்காரர்கள் தெருவுக்கு நடந்துபோய், கடை கடையாக ஏறி அந்தக் கம்பெனியைக் கேட்டிருக்கிறாய். மூடி எத்தனையோ காலம் ஆயிற்று என்று ஒரு கிழட்டுக் கடிகார ரிப்பேர்க்காரர் சொன்னதை எனக்கு எழுதினாய். நான் உன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "மூடியிருக்கட்டும். வாக்கு ஆபீசுக்கா குடுத்தது? மனுசனுக்குக் குடுத்தது. அவன் இல்லன்னா அவன் வாரிசு இருக்கும்லா. அவங்க கைய எடுக்கணும்" என்றார். இதை உனக்கு எழுதினபோது, நீ தலையில் அடித்துக்கொண்டு விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். நீ வாரிசையே தேடிப் பிடித்து அனுப்பிவிட்டாய்.

ரூத்தம்மா மதுரையிலிருந்து டாக்சி பிடித்து வந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார். வெள்ளைத் தொப்பி, கழுத்தில் கேமரா, வெயிலில் முகம் செக்கச் சிவந்துபோயிருந்தது. வடிவு பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு மொழி சொல்ல வந்திருந்தாள். உன் அப்பா காலையிலேயே குளித்து, சலவை வேட்டி கட்டி, பாயை விரித்து உட்கார்ந்திருந்தார். ரூத்தம்மா பதநீரைக் குடித்துவிட்டு முதலில் சொன்ன வார்த்தையே, நாங்கள் உங்களை மிகவும் கஷ்டப்படுத்திவிட்டோம், மன்னிக்க வேண்டும் என்பதுதான். உன் அப்பா அதைக் காதில் வாங்கவே இல்லை. உள்ளே போய்ப் பொட்டலங்களைத் தட்டில் வைத்து எடுத்துவந்தார். என்னைப் பார்த்து, "ஏளா, நீயும் வடிவும் அங்கன போயி இருங்க. மொதல்ல கம்பெனி பாக்கணும்" என்றார். எனக்கு வந்ததே கோபம். "நாங்க போயிட்டா அந்தம்மா பேசுததை உங்களுக்கு யாரு சொல்லுவா? காக்காயா?" என்றேன். கடைசியில் ஒரு வழி செய்தார். நாங்கள் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார வேண்டியது, வடிவு அப்படியே மொழி சொல்ல வேண்டியது. ரூத்தம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் முதுகைப் பார்த்து அவர் என்ன நினைத்திருப்பாரோ!

பஞ்சு பிரிகிற சத்தம் கேட்டது. உடனே ரூத்தம்மா ஆஹா ஊஹூ என்று ஆரம்பித்தார். "ரொம்ப அழகா இருக்காம், மாமா. இப்பிடிப் பாத்ததே இல்லியாம்" என்று வடிவு சுவருக்குச் சொன்னாள். அடுத்த பொட்டலம், அதுவும் அழகு. அதற்கடுத்ததும் அழகு. உன் அப்பாவின் குரல் இறங்கிப்போனது. "அழகுன்னு கோயில்ல நின்னு சொல்லுத மாதிரி இல்லா சொல்லுதா. வேணுமா, வேண்டாமா?" வடிவு கேட்டாள். ரூத்தம்மா உருகிப்போய், இதெல்லாம் உங்களுடையது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், என் தாத்தாவும் அதைத்தான் விரும்பியிருப்பார் என்றார். நல்ல மனசு. ஆனால் அதுவும் உதவவில்லை. "வாங்காத பொருளை அவ எப்பிடி எனக்குத் தானம் பண்ணுவா? அது அவளுக்கும் சொந்தமில்ல, எனக்கும் சொந்தமில்ல. அவ கம்பெனிக்காரியாப் பதில் சொல்லட்டும்" என்று துண்டை விரித்துக் கையை நீட்டினார். அந்தம்மா என்ன செய்தார் தெரியுமா? ஓரக்கண்ணால் பார்த்தேன். தாத்தா செய்ததைத்தான் செய்தார். கையைக் கொண்டுபோய் அவர் கையில் வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டார். தாத்தாவுக்குத் தெரியாதது பேத்திக்கு மட்டும் எப்படித் தெரியும்?

நேரம் போகிறது, கை அப்படியே இருக்கிறது. நான் மெல்லத் திரும்பிப் பார்த்தேன், முத்தை இல்லை, அவர் முகத்தை. இரண்டு தலைமுறையாகக் காத்திருந்த கை வந்துவிட்டது. வந்த கை போகவும் மாட்டேன் என்கிறது, வாங்கவும் மாட்டேன் என்கிறது. அவர் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு இது முடியாவிட்டால் இனி எப்போதும் முடியாது, இதே துண்டை நாளைக்கு உனக்கு விரிப்பார், நீ வர மாட்டாய். வடிவுக்கும் அது தெரிந்துவிட்டது. "மாமா, கைய எடுக்கணும்னு அவங்களுக்குச் சொல்லட்டுமா?" என்று கெஞ்சினாள். "சொல்லிக்குடுத்து எடுத்தா அது எடுத்ததா ஆகுமா? சும்மா இரு" என்றார். பிடிவாதம் என்றாலும் அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்தம்மா விருந்தாளியாக உட்கார்ந்திருக்கிறார். விருந்தாளி, போட்ட சோற்றைக் குறை சொல்லுவாரா?

"ஏளா வடிவு, நான் கேக்குதேன்னு கேளு. அவங்க தாத்தாவுக்குப் பெறவு வீட்டுல யாராவது இந்த வியாபாரம் பாத்தாங்களா?" என்றேன். ரூத்தம்மாவே கல்யாணத்துக்கு முன்னால் பெரிய கடை ஒன்றில் நகைப் பகுதியில் நின்று விற்றவராம். முத்து பார்க்கத் தாத்தாதான் பழக்கினாராம். "அப்பம் சொல்லு. நம்ம வீட்டு விருந்தாளியாப் பாக்க வேண்டாம். அவங்க தாத்தா ஆபீசுல உக்காந்து சரக்குப் பாக்குத மாதிரி பாத்து, மனசுல பட்டதைச் சொல்லச் சொல்லு. மாமாவுக்கு உபசாரம் வேண்டாம், பதில்தான் வேணும்." வடிவு சொன்னாள். உன் அப்பா என்னை முறைக்கவில்லை, அதையும் கவனித்தேன். ரூத்தம்மா கையை எடுக்காமலே மற்றக் கையால் பையைத் திறந்தார். எங்களுக்குக் காட்டலாம் என்று தாத்தாவின் லென்சைக் கொண்டுவந்திருந்தார், கண்ணில் இடுக்கிக்கொள்கிற சின்ன லென்ஸ். அதை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து முற்றத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விருந்தாளி முகம் போய்விட்டது. சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிற முகம் வந்துவிட்டது. முடித்ததும் லென்சைக் கழற்றிவிட்டு ஏதோ சொன்னார். வடிவு வாயை மூடிக்கொண்டாள்.

"சொல்லுளா" என்றார் உன் அப்பா.

"மாமா, மஞ்சளாப் போயிட்டாம். மினுமினுப்புச் செத்துப்போச்சாம். சிலதுல கீறல் விழுந்திருக்காம். பஞ்சுல பொதிஞ்சு காத்துப் படாம பூட்டி வச்சா முத்து வறண்டு போயிருமாம். மனுச உடம்புல பட்டுக்கிட்டு இருந்தாத்தான் நல்லா இருக்குமாம்." சுவரைப் பார்த்தபடியே மீதியையும் சொன்னாள். "அவங்க தாத்தா இருந்தாலும் இந்தச் சரக்கை வாங்கமாட்டாராம்."

அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரூத்தம்மா கையை வெளியே எடுத்துவிட்டார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிடிக்காத சரக்கிலிருந்து கை தானாகத்தானே விலகும். உன் அப்பா முகத்தில் அறைந்ததுபோல் உட்கார்ந்திருந்தார். ஊரார் மட்டச்சரக்கு என்றபோதெல்லாம், நல்லது உள்ளே இருக்கிறது என்று நினைத்துச் சிரித்தவர் அல்லவா? ஐயோ, இவர் தாங்குவாரா என்று நான் எழுந்தேவிட்டேன். அவர் துண்டைப் பார்த்தார், தன் வெறுங்கையைப் பார்த்தார். "வேண்டாமாமா?" என்று வடிவிடம் கேட்டார். வேண்டாமாம் என்றாள். இன்னொரு தரம் கேட்டார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நினைத்து ஓடினால் சிரிக்கிறார், கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிகிறது, சிரிக்கிறார். "ஏளா, கம்பெனி வேண்டாம்னுட்டு! கேட்டியா? கம்பெனி வேண்டாம்னுட்டு!" என்று ஊருக்கே கேட்கிறமாதிரி கத்தினார். "திரும்பிப் பாருங்க ரெண்டு பேரும். நல்லாப் பாருங்க."

பார்த்தேன். பழைய சோற்றுப் பருக்கை மாதிரி கிடந்தது பாதிக்கு மேல். இதற்காகவா என்று ஒரு நிமிஷம் வயிறு எரிந்தது, உள்ளதைச் சொல்ல வேண்டும். அடுத்த நிமிஷம் எரிச்சல் இல்லை. தலையிலிருந்து சுமையை இறக்கினவளுக்கு, அதில் இருந்தது நெல்லா பதரா என்று என்ன கவலை? ரூத்தம்மாதான் பாவம், தான் ஏதோ கேடு செய்துவிட்டதாக நினைத்துக் கண் கலங்கிப்போனார். வடிவு எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னதும் அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். பிறகு சாப்பிட்டுக்கொண்டே அவர் பக்கத்துக் கதையைச் சொன்னார். வளர்க்கிற முத்து ஜப்பானிலிருந்து வந்து இறங்கி விலையெல்லாம் விழுந்ததாம். அப்புறம் அங்கே பாங்குகளே மூடினதாம். கம்பெனியை விற்றுவிட்டு அந்தத் தாத்தா, தன்னிடம் சரக்கு வாங்கிய சின்னக் கடை ஒன்றிலேயே போய்ச் சம்பளத்துக்கு நின்றாராம். நம் வீட்டுக் கடிதங்கள் வந்தனவாம். பதில் எழுதுங்களேன் என்று பாட்டி சொன்னால், "உலகத்தில் ஒரே ஓர் ஊரில்தான் என் கம்பெனி இன்னும் திறந்திருக்கிறது, அதையும் நானே மூட வேண்டுமா" என்பாராம். இங்கே காத்திருந்தவரும் நல்லவர், அங்கே பேசாமல் இருந்தவரும் நல்லவர். இரண்டு நல்லவர்கள் சேர்ந்து என் ஆயுசில் பாதியை இந்த வீட்டுக்குள் பூட்டிவைத்துவிட்டார்கள். கெட்டவனாக இருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

ரூத்தம்மா கிளம்பும்போது உன் அப்பா ஒரு நல்ல முத்தைத் தேடி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். "இப்பம் இது என் முத்து. என் முத்தை நான் யாருக்கும் குடுக்கலாம்" என்றார். ஒளி போகாமல் தப்பிய கொஞ்சத்தைக் கோத்து வடிவு கழுத்தில் போட்டுவிட்டோம். நீ வந்தாலும் வராவிட்டாலும் அது அவளுடையது, அவள் உடம்பில் கிடந்து நன்றாக இருக்கட்டும். மீதியை நாட்டு மருந்துக் கடைக்காரர் முத்துப் பஸ்பத்துக்கு என்று எடைபோட்டு வாங்கிப்போனார். யாருடைய நெஞ்செரிச்சலையாவது தணித்தால் சரி. மறுநாள் காலையில் நானும் அவரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருச்செந்தூர் பஸ் ஏறினோம். முத்தையாபுரம் தாண்டுவதற்குள் பூட்டினோமா பூட்டினோமா என்று எத்தனை தரம் கேட்டுவிட்டார்! "திறந்தே கெடக்கட்டும், திருடன் வந்து உளுந்தைத் தின்னுட்டுப் போறான்" என்றேன். அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, ஊரையே புதிதாகப் பார்க்கிறவர்போல் பார்த்துக்கொண்டு வந்தார். கடலில் இரண்டு பேரும் சேர்ந்து முழுக்குப் போட்டோம். அலை தள்ளியபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, இருந்தாலும் விடவில்லை.

உனக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்தது கொஞ்சம்தான். வாக்குக் கொடு, காப்பாற்று. ஆனால் உன்னோடு முடிகிற வாக்காகக் கொடு. பிள்ளை கையைப் பிடித்துக் கொடுக்காதே, பெண்டாட்டியின் நாட்களை வைத்துக் கொடுக்காதே. ஒருத்தர் பேசாமல் இருந்தால், நமக்கு வேண்டிய அர்த்தத்தை நாமே அதில் போட்டுக்கொள்கிறோம். உன் தாத்தா அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார். உன் அப்பா மெட்ராசுக்கு வராததை நீ வெறுப்பு என்று எடுத்துக்கொண்டாய். நீ எழுதாததை வடிவு என்னவென்று எடுத்துக்கொள்கிறாளோ, எனக்குத் தெரியாது. போய்க் கேட்டுவிட்டால் ஒரு நாளில் தீர்ந்துவிடும். முகத்தில் அறைந்ததுபோல் பதில் வந்தாலும் பரவாயில்லை, அன்று ராத்திரி தூக்கம் வரும். இதை நான் உனக்குச் சொல்லுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற மாதிரிதான். நம் வீட்டில் முதல் முதலாக எழுந்துபோய்க் கேட்டவனே நீதானே.

நான் எழுதுவதை உன் அப்பா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். எழுத ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். "வாரானா, வரலியான்னு ஒரு வரி எழுதச் சொல்லு. சும்மா இருந்துறக் கூடாது. வரலன்னாலும் வரலன்னு எழுதணும்" என்கிறார். வடிவுக்குத் தனியாக எழுது, என் கடிதத்தின் ஓரத்தில் அவளையும் விசாரித்ததாகச் சேர்க்காதே. வருவதாக இருந்தால் விமானம் இறங்குகிற தேதியை முன்கூட்டியே தெரிவி. மெட்ராஸ் ரயிலில் எங்களுக்கு இரண்டு டிக்கெட் எடுக்க வேண்டும்.

அம்மா